வாசிக்காதேங்கோ, சேர்

ரீச்சர்,

இன்று காலை அலுவலக அலுமாரியைத் திறந்தேன். மூன்றாம் தவணை வினாத்தாள் கட்டுகள் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருந்தன. வைக்க இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. கீழ்த்தட்டில் கிடந்த பழைய வரவுப் பதிவேடுகளை இழுத்தபோது, அவற்றுக்கிடையில் நீங்கள் செருகி வைத்திருந்த வேப்பிலைக் கொத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பூச்சி அரிக்காது என்று தவணைக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள். பச்சை போய் மண்ணிறமாகிவிட்டாலும் அந்தக் கசந்த மணம் மட்டும் போகவில்லை. கையில் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்ன சேர், தலை சுத்துதோ?" என்று அலுவலக உதவியாளர் கதிரையை இழுத்துப் போட்டார். தலை சுற்றவில்லை. உங்களை நினைத்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருந்தபோது எழுத வேண்டிய தேவை வரவில்லை. பதினான்கு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தோம். அந்தப் பக்கம் உங்கள் மனையியல் கூடம், இந்தப் பக்கம் என் கணித வகுப்பு. நான் பலகையில் எழுதிக் கத்தும்போது சுவரில் அகப்பையால் தட்டுவீர்கள். "கொஞ்சம் மெல்லக் கத்துங்கோ சேர், இஞ்சை பால் திரையுது" என்பீர்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கலாம். அந்த நாட்களில் நான் சிரித்தால் மழை வரும் என்று ஆசிரியர் ஓய்வறையில் நீங்கள்தான் கதை பரப்பியிருந்தீர்கள்.

நீங்கள் பிரதி அதிபர், நான் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பு. ஓமந்தையிலிருந்து உள்ளே போகும் வீதியில் இருக்கிற எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு பதவி அதிகம்தான். ஆனால் அதை நான் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

புள்ளி வாசிக்கிற வழக்கத்தைத் தொடங்கியவன் நான். ஒரு வருடம் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தோர் பட்டியலை வலயத்தில் வாசித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் கடைசிக்கு முந்தியதாக வந்தது. அதிபர் தலையைக் குனிந்தபடி இருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில், "ஏதாவது செய்யும் ஐசே" என்றார். செய்தேன். அவருக்கு வலயத்தில் நடந்ததையே அப்படியே எடுத்துப் பெற்றோர் கூட்டத்தில் செய்தேன். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளின் கணிதப் புள்ளியைக் கீழிருந்து மேலாக, பெயர் சொல்லி, ஒலிபெருக்கியில் வாசித்தேன். பெற்றோர் எழும்பி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் அவர்களாகவே எழும்பினார்கள்.

அன்று கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

"பிள்ளையின்ரை புள்ளி பிள்ளைக்கும் தாய்க்கும்தான் சேர். ஊருக்கு என்னத்துக்கு?"

"வெக்கம் வந்தால் படிப்பினம் ரீச்சர்."

"வெக்கம் வந்தால் ஒளிப்பினம்" என்று சொல்லிவிட்டு ஒரு கதிரையை நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அடுத்த தவணையில் சராசரி கொஞ்சம் ஏறியது. வலயத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை.

தர்சிகா அந்த வகுப்பில்தான் இருந்தாள். உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் எழுத வேண்டும் போலிருக்கிறது. மாணவ தலைவி. தமிழ், வரலாறு, சமயம் எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்பாள். கணிதம் என்றால் மட்டும் எழுதியதையே வெட்டி வெட்டி எழுதுவாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தகப்பன் இல்லை. தாய் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியவே பேருந்தில் போய், மாலை ஐந்தரைக்குத்தான் சந்தியில் இறங்குவா. அதுவரை பூட்டிய வீட்டில் பிள்ளை தனியே இருக்கக் கூடாது என்று நீங்கள் அவளை உங்கள் அலுவலக அறையில் இருந்து படிக்கச் சொன்னீர்கள். போகும்போது பூட்டிவிட்டுத் திறப்பைக் காவலாளியிடம் கொடுக்க வேண்டும். அறைத் திறப்பும் வினாத்தாள் வைக்கிற அலுமாரியின் திறப்பும் ஒரே வளையத்தில் கிடந்தன. அதைப் பற்றி நீங்களும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை. நல்ல பிள்ளை என்றால் நாங்கள் யோசிப்பதில்லை.

இரண்டாம் தவணைக் கூட்டத்துக்கு அவளுடைய தாய் முதல் தடவையாக வந்திருந்தா. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்தி, முன்வரிசையில் இருந்தா. தர்சிகா மாணவ தலைவிப் பட்டியோடு பெற்றோருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் பெயரை வாசித்தேன். தாய் சிரித்த முகத்தோடு எழும்பி மேடையைப் பார்த்துக் கைகூப்பினா. மகளுக்கு ஏதோ பரிசு என்று நினைத்திருக்கிறா. நான் "இருபத்தேழு" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். தாய் கூப்பிய கையை எடுக்கத் தெரியாமல் நின்றா. தர்சிகா தேநீர்த் தட்டத்தோடு கதவடியில் நின்றதை நான் கண்டேன். கண்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்த ஒன்றை இனித்தான் எழுதப் போகிறேன்.

மூன்றாம் தவணைக்கு ஒரு கிழமை இருந்தது. நீங்கள் வலயத்துக்குப் போயிருந்தீர்கள். வினாத்தாள் கட்டுகள் முதல் நாள்தான் வந்து அலுமாரிக்குள் ஏறியிருந்தன. இடைவேளையில் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றேன். தர்சிகா வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"என்ன?"

"இந்த முறை அம்மாவுக்கு முன்னாலை என்ரை புள்ளியை வாசிக்காதேங்கோ சேர். எவ்வளவு எடுத்தாலும் வீட்டிலை நானே சொல்லுறன். அவா நாலு நாளாச் சாப்பிடேல்லை, போன முறை."

நான் கையை உதறிக்கொண்டு சொன்னேன்: "வாசிக்கக் கூடாதெண்டால், வாசிக்கக்கூடிய மாதிரி எடு."

அவள் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்தப் பதில் பிடித்துப் போனது. ஓய்வறையில் போய் வேறு இருவரிடம் சொன்னேன், சிரித்தார்கள். பிள்ளை யாரென்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே அறியும். பரீட்சை அன்று காலை வலயத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணித வினாத்தாளில் ஏழாம் வினாவில் அச்சுப் பிழை, நீர்த்தாங்கியின் நீளம் பன்னிரண்டு மீற்றர் அல்ல, பதினைந்து என்று திருத்தச் சொன்னார்கள். நான் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் வெட்டித் திருத்தினார்கள். விடைத்தாள் திருத்தும்போது தர்சிகாவுக்கு எழுபத்தொன்று வந்தது. ஏழாம் வினாவில் மட்டும் அவள் பன்னிரண்டை வைத்துச் செய்திருந்தாள். அவளுடைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பன்னிரண்டை ஒழுங்காக வெட்டிப் பதினைந்து என்று எழுதியிருந்தாள். திருத்தியது கை, செய்தது ஏற்கெனவே பாடமாக்கி வைத்திருந்த கணக்கு.

கூப்பிட்டுக் கேட்டேன். பொய் சொல்லவில்லை. ஒரு தாளை உருவி எடுத்து, வீட்டில் கொப்பியில் எழுதிவிட்டு, அடுத்த நாள் பழையபடி வைத்ததாகச் சொன்னாள்.

"ஆர் செய்து தந்தது?"

"ஒருத்தரும் இல்லை சேர். நான்தான் செய்தனான். நாலு நாளாச் செய்தனான்."

கொப்பியைக் கேட்டேன். கொண்டுவந்து தந்தாள். அதைச் சான்று என்று கோப்பில் இணைத்துவிட்டேன். அதை ஒரு கணித ஆசிரியனாக விரித்துப் பார்த்தது உங்கள் செத்தவீடு முடிந்த பிறகுதான் ரீச்சர். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு கணக்கையும் ஐந்து தடவை, ஆறு தடவை செய்திருக்கிறாள். முதல் தடவை பிழை, இரண்டாம் தடவை பிழை, பிறகு பாடநூலின் பக்க எண்ணைக் குறித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து. நீர்த்தாங்கிக் கணக்கு ஏழு தடவை. கடைசி மூன்றும் சரி. ஒரு வருடமாக நான் கத்திப் படிப்பிக்க முடியாததை நாலு நாளில் தானே படித்திருக்கிறாள். களவெடுத்த தாளை வைத்துப் படித்திருக்கிறாள் என்பதுதான் கொடுமை.

விசாரணை அதிபரின் அறையில் நடந்தது. ஐந்து பேர் இருந்தோம். நான் செயலாளர், கூட்டக் குறிப்புப் புத்தகம் என் கையில். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"திறப்பு என்ரை. குடுத்தது நான். என்ரை பேரையும் எழுதுங்கோ சேர்."

எழுதினேன். உங்களுக்கு வலயத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

பிறகு நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். "இந்தப் பிள்ளை தாளை எடுக்க முந்தி, எங்களிலை ஆரட்டையாவது வந்து ஏதும் கேட்டதோ?"

நான் புத்தகத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். நேராகத்தான் வந்தது.

அதே வருடம் பழைய மாணவர் சங்கச் செயலாளரின் மகன் பரீட்சை மண்டபத்தில் கைபேசியோடு பிடிபட்டதை நீங்கள் ஞாபகப்படுத்தினீர்கள். அவனை எச்சரித்து விட்டிருந்தோம். "அது வேறை" என்றார் அதிபர். நானும் தலையாட்டினேன். எப்படி வேறு என்று அந்த அறையில் யாரும் விளக்கவில்லை; விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் தாத்தா குளத்துக்குக் கீழே வயல் கொடுக்கிறார்கள் என்று வடக்கே குடாநாட்டிலிருந்து வந்தவர். எங்களுக்குப் பின்னால் மலையகத்திலிருந்து வந்தவர்களை நாங்கள் இன்னமும் "வந்த ஆக்கள்" என்கிறோம். எங்களை அப்படிச் சொல்ல இங்கே ஆளில்லை, அதுதான் வித்தியாசம்.

தாயைக் கூப்பிட்டோம். பிள்ளையைத் தன் சொந்த விருப்பின் பேரில் விலக்கிக்கொள்வதாக ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினோம். எல்லாப் பள்ளிக்கூடங்களும் செய்கிற வேலைதான்; விலக்கினோம் என்று எழுதினால் வலயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அம்மா பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னா.

"அவ கெட்ட புள்ள இல்லீங்க சார். அன்னைக்கு நான் கூட்டத்துக்கு வந்திருக்கக் கூடாது. நான் வந்ததுதான் தப்பு."

என் கையெழுத்து அழகு என்று பள்ளி விடுகைப் பத்திரத்தை எப்போதும் நான்தான் நிரப்புவேன். நடத்தை என்ற இடத்துக்கு வந்தபோது நீங்கள் மேசையடியில் வந்து நின்றீர்கள். "அந்த ஒரு இடத்திலை நன்று எண்டு எழுதி விடுங்கோ சேர். மிச்சத்தை நான் பாக்கிறன்." நான் "திருப்திகரமானதல்ல" என்று எழுதினேன். மை காயும்வரை காத்திருந்து மடித்துக் கொடுத்தேன்.

நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு செட்டிகுளம் பக்கம் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனீர்கள். இரண்டு இடத்திலும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்களாம். வந்து கால் வீங்கியிருக்கிறது என்றீர்கள். வெயிலில் நடந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது சிறுநீரகம் என்று தெரியவர இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் தர்சிகா வவுனியாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோதெல்லாம் நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "தர்சிகாவைப் போய்ப் பாத்தனீங்களோ?" ஒரு தடவை விடைத்தாள் என்றேன், ஒரு தடவை அறுவடை என்றேன், மற்றத் தடவை என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடைசித் தடவை கையில் ஊசி ஏறியிருந்தது. முகம் ஊதி, குரல் இறங்கிப் போயிருந்தது. "ஒருக்காப் போட்டு வாங்கோ சேர். உங்களுக்கு நல்லது" என்றீர்கள். அவளுக்கு நல்லது என்று சொல்ல வந்து, களைப்பில் மாறிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமைதான் போனேன். புது அதிபர் வந்திருந்தார். அவரிடம் கெஞ்சி, கோப்பைக் காட்டி, விடுகைப் பத்திரத்தைப் புதிதாக எழுதினேன். நடத்தை: நன்று.

கடைக்குள் அவள் சேலைகளை மடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் இருந்த முக்காலியிலிருந்து எழும்பினாள். வகுப்பில் எழும்புவது போலவே எழும்பினாள், ரீச்சர்.

"வாங்கோ சேர்."

உறையைக் கொடுத்தேன். விரித்து, மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். அந்த வரியில் கொஞ்சம் நின்றாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"ரீச்சர் இருக்கேக்கை தந்திருந்தால் அவா சந்தோசப்பட்டிருப்பா."

அவளுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று, "நீ குழாயடியிலை வந்து கேட்டதை நான் விசாரணையிலை சொல்லேல்லை பிள்ளை. ரீச்சருக்கும் சொல்லேல்லை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரீச்சருக்குத் தெரியும் சேர்."

"என்ன?"

"பிடிபட்ட அண்டைக்கே நான் எல்லாம் சொன்னனான். உங்களிட்டை வந்து கேட்டது, நீங்கள் சொன்னது, எல்லாம். நீங்களே சொல்லுங்கோ ரீச்சர் எண்டு அழுதனான். 'நான் சொன்னால் அது கோள் மாதிரிப் போயிடும். சேர் தானாச் சொன்னால் உன்னை விலக்க மாட்டினம். சொல்லுவார், அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை' எண்டு சொன்னவா."

கடை முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஏச்சு விழக் கூடாது என்று எனக்கு உடுக்க ஒரு சாரத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சோதனை எழுதலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து கணிதம் சொல்லித் தருகிறேன் என்றேன். அவள் சாரத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, "ஞாயிறும் கடை திறப்பினம் சேர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு தடவை திரும்பவும் போய்ப் பார்த்தேன். அதே மரியாதை, அதே பதில்.

உங்கள்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, ரீச்சர். செத்தவர்மீது கோபப்படக் கூடாது என்பார்கள், ஆனாலும் இருக்கிறது. நீங்கள் அந்த அறையில் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். கோள் என்று யார் சொன்னால் என்ன? என்னை நம்பிக் காத்திருந்தீர்கள். அந்த நம்பிக்கைக்குப் படிப்பை இழந்தது அவள். நீங்கள் அன்பாகத்தான் திறப்பைக் கொடுத்தீர்கள், அன்பாகத்தான் என்னை நம்பினீர்கள். இரண்டும் அவள் தலையில் விழுந்தன.

போன மாதம் வலயத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். மாணவர்கள் ஏன் தவறான வழியில் போகிறார்கள் என்பதுதான் விடயம். கைபேசி என்றார்கள், பாக்குப் பொட்டலம் என்றார்கள், வெளிநாட்டுக் காசு, சினிமா என்றார்கள். வளர்ப்புச் சரியில்லை என்று ஒருவர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த அம்மா கைகூப்பி நின்றது கண்ணுக்குள் வந்தது. போக வேறு வழியில்லாமல் ஒரு பிள்ளையை நெருக்குகிறவன் ஒருவன். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு கதவு திறந்து கிடக்கிறது. இதற்கு வளர்ப்பு என்ன செய்யும்? நெருக்கியவன் மேடைக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்கிறான். எழும்பிச் சொல்லத்தான் நினைத்தேன். தேநீர் வந்தது. எல்லோரும் எழும்பினார்கள், நானும் எழும்பினேன்.

புள்ளி வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று வலயத்தில் கேட்டார்கள். நேரம் போதவில்லை என்றேன். அதிலும் பொய்தான். நான் திருந்திவிட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கிறது. முடியவில்லை.

விசாரணை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் எங்கள் நான்கு பேரையும் பொதுவாகப் பார்த்ததாகவே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அதிபரைப் பார்க்கவில்லை நீங்கள். மற்ற இருவரையும் பார்க்கவில்லை. நான் கோடு கீறி முடிக்கும்வரை என் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் அதையேதான் கேட்டிருக்கிறீர்கள்.

ஓம் ரீச்சர். வந்தது. அந்தப் பிள்ளை என்னட்டைத்தான் வந்தது.